மார்வின் கே அடக்கிப் பாடிய கீதம்

முதலில் தாளம்தான் வருகிறது. நிதானமான ஒரு டிரம் மெஷின் அடி. அதன்மேல் பட்டும் படாமலும் ஒரு கீபோர்டு. யாரும் இன்னும் பாடத் தொடங்கவில்லை. எழுந்து நிற்கும் கூட்டத்துக்கு, தேசிய கீதத்துக்காகத்தான் நிற்கிறோமா என்றே ஒரு கணம் சந்தேகம் வந்திருக்கும். கீதம் என்றால் பித்தளை வாத்தியங்கள் முழங்கும், அல்லது ஆர்கன் நீட்டி இழுக்கும். இதுவோ ஊர் அடங்கிய பிறகு ரேடியோவில் வரும் காதல் பாட்டின் முன்னிசை மாதிரி இருக்கிறது.

1983 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட் நகரின் ஃபோரம் அரங்கம். என்.பி.ஏ.யின் ஆல்-ஸ்டார் ஆட்டம் தொடங்க வேண்டும். மேஜிக் ஜான்சன், கரீம் அப்துல்-ஜப்பார், லாரி பேர்ட், ஜூலியஸ் எர்விங், ஐசயா தாமஸ் என்று அந்தக் காலத்துக் கூடைப்பந்தின் பெரிய தலைகள் அத்தனையும் அங்கே நிற்கின்றன. நடுவே கருநீல சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக சோல் பாடகர் மார்வின் கே. அடுத்த இரண்டரை நிமிடத்தில் அவர் செய்ததை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. விளையாட்டு அரங்கில் பாடப்பட்ட எந்தப் பாட்டும், எந்த நாட்டுக் கீதமும், என் காதில் இதற்கு மேலே போனதில்லை. மயக்கத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு அடியாக நிறுத்தி, திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அந்தக் கீதத்தின் மெட்டைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை புரியும். ‘ஸ்டார் ஸ்பேங்கிள்டு பேனர்’ பாட்டின் சொற்களை ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதியது 1814இல், பால்டிமோர் கோட்டையின் மேல் பிரிட்டிஷ் கப்பல்கள் இரவெல்லாம் குண்டு பொழிந்ததைப் பார்த்துவிட்டு. மெட்டு அவருடையதல்ல. லண்டனில் இசைப்பிரியர்கள் கூடிய ஒரு சங்கத்துக்காக ஜான் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் போட்ட பழைய மெட்டு அது. விருந்துக்குப் பிறகு கோப்பையை உயர்த்திப் பாடுகிற வகை. 1931இல்தான் சட்டப்படி தேசிய கீதமானது. கீழ் ஸ்வரத்துக்கும் மேல் ஸ்வரத்துக்கும் நடுவே ஒன்றரை ஸ்தாயி தூரம். சாதாரண ஜனங்கள் சேர்ந்து பாடுவதற்கு இவ்வளவு சிரமமான கீதம் வேறு நாடுகளில் அதிகம் இருக்காது. நல்ல பாடகர்களே தொடக்க சுருதியைக் கொஞ்சம் உயரத்தில் பிடித்துவிட்டு, ‘சுதந்திரம்’ என்ற சொல் வரும் இடத்தில் தொண்டை கிழிய நிற்பார்கள்.

நம் காதுக்கு அது சங்கராபரணம் மாதிரி கேட்கும். அங்கங்கே பிரதி மத்யமம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எடுப்பு ப, க, ஸ என்று கீழே இறங்கி, க, ப என்று ஏறி, மேல் ஸட்ஜத்தைப் போய்த் தொடும். ஏணியில் இறங்கி மறுபடி ஏறுவதுபோல ஒவ்வொரு படியும் தனித்தனி. நடை மூன்று: தகிட, தகிட, தகிட. மூன்றில் ஓடும் மெட்டுக்கு ஒரு குணம் உண்டு. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரி வாசலில் வந்து நிற்கும். மூச்சு வாங்க நேரம் தராது.

மார்வின் கே அந்தத் தகிடவைத் தகதிமியாக்கிவிட்டார். மூன்றை நான்காக்கினார். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பாட்டின் உடம்பே அங்கே மாறிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி கூடுதலாகக் கிடைக்கிறதல்லவா, அந்த ஒரு அடியில்தான் அவர் குடியிருக்கிறார். சொல்லைப் போட்டுவிட்டு நிற்கிறார். தாளம் நடந்து போகிறது, இவர் அவசரப்படுவதில்லை. அடி விழுந்து மயிரிழை கழித்துத்தான் சொல் விழுகிறது. எங்கே தவறவிடப்போகிறாரோ என்று நமக்குப் பதற்றமாக இருக்கும். தவறவிடமாட்டார். தாமதமாகக் கிளம்பி, பஸ் புறப்படும் கணத்தில் நிதானமாகப் படியில் கால் வைத்து ஏறுகிற ஆள் மாதிரி, சமத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

அந்த எடுப்பை மட்டும் கவனித்துக் கேளுங்கள். மற்றவர்கள் எல்லாரும் ஏணிப்படிகளில் அடி வைக்கும் இடத்தில் இவர் வழுக்கிக்கொண்டு போகிறார். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை நம் பாடகர்கள் கமகத்தால் நிரப்புவார்கள். இவர் ப்ளூஸின் இழைப்பால் நிரப்புகிறார். சங்கதி சேர்க்கிறார்தான். ஆனால் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக ஒரு சங்கதியும் இல்லை. சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும் குரல் லேசாகச் சுருண்டு அடங்குகிறது, அகர்பத்தி நுனியிலிருந்து எழும் புகை மாதிரி. இந்த அடக்கம்தான் என்னை ஒவ்வொரு முறையும் கட்டிப்போடுகிறது. ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கம், நாடு முழுக்க டி.வி. நேரலை, எதிரே உலகத்தின் மிக உயரமான மனிதர்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் அடக்கி வாசிக்கிறார்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரிடம் குறைந்தது மூன்று குரல்கள் இருந்தன. பட்டுப் போன்ற ஒரு நடுக்குரல். அதற்கு மேலே காற்றில் மிதக்கும் பொய்க்குரல். சர்ச்சில் கதறிப் பிரார்த்திக்கும்போது வருமே, அந்தக் கரகரப்பு. அவர் தந்தை ஒரு பெந்தெகொஸ்தே பிரிவுச் சபையின் போதகர். பிள்ளை பாடக் கற்றது அங்கேதான். 1971இல் வந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில் இந்தக் குரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்து, தன்னோடு தானே பேசிக்கொள்வதுபோலப் பாடியிருப்பார். ஃபோரத்தில் அந்த வசதி கிடையாது. ஒரே வாய், ஒரே வாய்ப்பு. அதனால் குரல்கள் முறை வைத்துக்கொண்டு வருகின்றன. பட்டு தொடங்குகிறது, மிதப்பது இடையிடையே தலைகாட்டுகிறது, கரகரப்பு கடைசி வரைக்கும் காத்திருக்கிறது.

பாட்டின் நடுப்பகுதி போர்க்களம். ராக்கெட் பாய்வதும் குண்டு வெடிப்பதும் வருகிற வரிகள். பொதுவாகப் பாடகர்கள் அங்கே நெஞ்சை நிமிர்த்தி முழங்குவார்கள், டிரம் உருளும். மார்வின் கே அந்த வரிகளை, ஜன்னல் வழியாகத் தூரத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடிவிடுகிறார். வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்த தம்பி சொன்ன கதைகள் மனதைக் குடைந்ததில்தான் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பிறந்தது. அதைப் பாடிய வாய்க்கு ராக்கெட்டைக் கொண்டாட வராது. அந்த இடத்தில் அவர் குரலை ஏற்றாததை நான் ஒரு கருத்தாகவே எடுத்துக்கொள்கிறேன். கீதத்தை அவர் நையாண்டி செய்யவில்லை, கண்டிக்கவும் இல்லை. அதற்குள் இருக்கும் இரவையும் பயத்தையும் விடியலுக்கான காத்திருப்பையும் கேட்கும்படி செய்தார், அவ்வளவுதான்.

இனி கூட்டம். அமெரிக்க விளையாட்டு அரங்குகளில் ஒரு பழக்கம் உண்டு. கீதம் கடைசி வரியை நெருங்கும்போதே ஜனங்கள் கத்தத் தொடங்கிவிடுவார்கள். பாட்டுக்கான பாராட்டு என்பதைவிட, ஆட்டம் தொடங்கப்போகிறது என்ற குதூகலம் அது. பாப்கார்ன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியை மார்பில் பிடித்து, எப்போது உட்காரலாம் என்று காத்திருப்பவர்களின் கூச்சல். ஆகவே கீதத்தின் கடைசி வரியை முழுசாகக் கேட்டவர்கள் அமெரிக்காவில் குறைவுதான்.

ஃபோரத்தில் நடந்தது வேறு. முதலில் கொஞ்சம் திகைப்பு. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கூவல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் நல்ல வார்த்தை ஒன்று சொன்னதும் பின்வரிசையிலிருந்து வருமே, அந்த மாதிரிக் கூவல். பாட்டு ஏற ஏறக் கூவல் பெருகுகிறது. முடிவை நெருங்கும்போது அரங்கமே கைதட்டுகிறது. பாராட்டிச் சிதறலாகத் தட்டுவதல்ல. தாளம் போட்டுத் தட்டுகிறார்கள்! தேசிய கீதத்துக்கு விறைப்பாக நின்ற ஜனங்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே டிரம் மெஷினோடு சேர்ந்துகொண்டார்கள். அப்போதுதான், ஒருவர் குரலோடு ஆயிரக்கணக்கான கைகள் சேர்ந்த பிறகுதான், மூடி வைத்திருந்த அந்தக் கரகரப்பை அவர் வெளியே விடுகிறார்.

அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். கைதட்டல் எங்கே தொடங்குகிறது என்று பிடித்துவிட முயல்வேன். பிடிபடாது. மழை தொடங்கும் கணம் மாதிரி, கவனிக்கும்போது ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும்.

இப்படிப் பாடலாம் என்ற துணிச்சல் வரப் பதினைந்து வருடங்கள் ஆனது. 1968இல் டெட்ராய்டில் நடந்த பேஸ்பால் உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் இதே மார்வின் கே இதே கீதத்தைப் பாடியிருக்கிறார், மரபு பிசகாமல். மறுநாள் ஐந்தாவது ஆட்டம். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த, கண் பார்வையற்ற ஹோசே ஃபெலிசியானோ கிதாரோடு வந்து, தன் ஊர் வாசனையோடு மெதுவாகப் பாடினார். மிக அழகான பாட்டு. கிடைத்ததோ கூச்சலும் கண்டனமும்தான். ரேடியோ நிலையங்கள் பல அவர் பாட்டுகளையே போடாமல் ஒதுக்கின. முந்தின நாள் பாடியவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது. ஃபெலிசியானோ அடிபட்டுத் திறந்த கதவு வழியாகத்தான் மார்வின் கே ஃபோரத்துக்குள் நுழைந்தார் என்பதை மறந்துவிட்டு இந்தப் பாட்டைப் புகழ்வது நியாயமில்லை.

விளையாட்டு மைதானம் அவருக்கு அந்நியமும் அல்ல. 1970இல் டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்துவிட வேண்டும் என்று உடம்பை ஏற்றிப் பயிற்சி எடுத்தவர். அணியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அணியின் மெல் ஃபார், லெம் பார்னி இருவரும் நண்பர்களாகி, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் சளசளப்பான பேச்சுக் குரல்களில் கலந்தார்கள். உலகத்தின் தலைசிறந்த சோல் பாட்டுகளில் ஒன்று விளையாட்டு வீரர்களின் குசல விசாரிப்போடு தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் இனிக்கிற செய்தி.

ஃபோரத்துக்கு வந்த மார்வின் கே சரிந்து எழுந்த மனிதர். கடன், விவாகரத்து, போதை எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்துவிட்டு, 1982இல் ‘செக்‌ஷுவல் ஹீலிங்’ பாட்டோடு திரும்பியிருந்தார். அந்தப் பாட்டை நடத்திச் செல்வது ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்-808 என்ற ஜப்பானிய டிரம் மெஷின். நிஜ டிரம்மைப் போல ஒலிக்கவில்லை என்று அதைப் பலர் அலட்சியம் செய்த காலம். அவரோ அந்தச் செயற்கைத்தனத்துக்குள் ஒரு மென்மையைக் கண்டுபிடித்தார். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக அவருடைய கிதார் கலைஞர் கோர்டன் பேங்க்ஸ் தயாரித்த பின்னணி நாடாவிலும் அந்த ஒலிக் குடும்பத்தின் ஜாடைதான். முந்தின நாள் ஒத்திகையில் பாட்டு நீண்டுகொண்டே போனதும், ஆட்டத்தன்று அவர் கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்ததும் லேக்கர்ஸ் அணியின் அன்றைய விளம்பரப் பொறுப்பாளர் லான் ரோசன் பின்னாளில் சொன்ன விஷயங்கள். அந்தப் பதற்றத்தின் சுவடு ஒன்றுகூடப் பாட்டில் இல்லை.

இன்னொரு பொருத்தம். ஃபோரம் மேஜிக் ஜான்சனின் வீட்டு மைதானம். ஜெர்ரி பஸ் சொந்தக்காரராக, பேட் ரைலி பயிற்சியாளராக, லேக்கர்ஸ் ‘ஷோடைம்’ என்று பெயர் வாங்கிய காலம். மேஜிக் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவரும்போது கவனித்தால், அவரும் தாளத்துக்குப் பின்னால் நிற்கிறவர்தான். எல்லாரும் இப்போது பாஸ் வரும் என்று நினைக்கும் கணத்தில் கொடுக்கமாட்டார்; ஒரு அடி தள்ளி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கொடுப்பார். பந்து போய்ச் சேரும் இடத்தில் ஆள் இருப்பான். மார்வின் கேயின் சொல்லும் அப்படித்தான் போய்ச் சேருகிறது. கூடைப்பந்து ரசிகர்கள் அந்தப் பாட்டை உடனே பிடித்துக்கொண்டதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். அரை அடி தாமதத்தின் சுகத்தை அவர்கள் ஏற்கெனவே அறிந்தவர்கள்.

இந்தச் சுகத்தை இன்றைய அரங்குகள் தொலைத்துவிட்டன என்பது என் வருத்தம். என்.பி.ஏ. ஆட்டங்களில் இப்போது பந்து நகரும்போதே பாட்டு ஓடுகிறது. கைதட்டு என்று திரை கட்டளையிடுகிறது, ஜனங்கள் தட்டுகிறார்கள். 2017 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வாரியர்ஸ் அணிக்கு எதிரான ஒரு ஆட்டத்தின் முதல் பாதியை இசையே இல்லாமல் நடத்திப் பார்த்தார்கள். வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனுக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சாடினார். எனக்கோ அது வரமாகப் பட்டது. பலகையில் பந்து விழும் ஒலி, ஷூக்கள் கிறீச்சிடுவது, ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது எல்லாம் சேர்ந்தே ஒரு கச்சேரிதானே. அதன்மேல் இன்னொரு பாட்டை ஏன் ஊற்ற வேண்டும்? பாட்டு நல்லதாக இருந்தால் அதற்கென்று இரண்டரை நிமிடம் ஒதுக்குங்கள். எல்லாரும் எழுந்து நின்று கேட்போம்.

2018 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பாடகி ஃபெர்கி அதே கீதத்தை இழுத்து, வளைத்து, ஜாஸ் பாணியில் பாட முயன்று பெரும் கேலிக்கு ஆளானார். வரிசையில் நின்ற ஆட்டக்காரர்களே சிரிப்பை அடக்கத் திணறினார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பாக இல்லை. துணிந்து ஒன்றைச் செய்து பார்க்கிறவர்மீது அவ்வளவு ஏளனம் வேண்டியதில்லை. ஆனாலும் அது ஏன் நிற்கவில்லை என்பது காதுக்குத் தெரிகிறது. மார்வின் கேயின் அத்தனை வளைவுக்கும் கீழே அசையாத ஒரு தாளம் தரையாக இருந்தது. ஃபெர்கிக்கு அப்படி உறுதியான தரை இல்லை. சங்கதிகள் அந்தரத்தில் தொங்கின. தாளத்திலிருந்து விலகி நிற்பதன் அழகு, விலகுவதற்கு ஒரு தாளம் இருந்தால்தானே.

விட்னி ஹூஸ்டனை விட்டுவிட முடியாது. 1991 சூப்பர் பவுலில் அவர் பாடியதைத்தான் பெரும்பாலான அமெரிக்கர்கள் முதலிடத்தில் வைப்பார்கள். குரலின் வலிமை என்று பார்த்தால் நானும் ஒத்துக்கொள்வேன். அவருடைய பாட்டிலும் நடை நான்குதான். அந்த அவகாசத்தை மார்வின் கேயிடமிருந்துதான் அவர் எடுத்துக்கொண்டார், எடுத்ததை மலை உச்சியில் கொண்டுபோய் நட்டார். விட்னியைக் கேட்கும்போது அண்ணாந்து பார்க்கிறேன், புல்லரிக்கிறது. மார்வின் கேயைக் கேட்கும்போது என்னை அறியாமல் தோள் அசைகிறது. எனக்கு இரண்டாவது அனுபவம்தான் நெருக்கம்.

ஃபோரத்தில் அன்று நடந்த ஆட்டத்தில் கிழக்கு அணி 132-123 என்று வென்றது. 25 புள்ளிகள் எடுத்த ஜூலியஸ் எர்விங் சிறந்த ஆட்டக்காரர். பத்து நாள் கழித்து மார்வின் கே தன் வாழ்நாளின் முதல் கிராமி விருதுகளை வாங்கினார். அடுத்த வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி, 45ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் தந்தையின் துப்பாக்கிக்கு இரையானார். பாடக் கற்ற சபையின் போதகர் கையால்.

2004இல் ஆல்-ஸ்டார் ஆட்டம் மறுபடி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தது. கீதம் பாட வந்தவர் அவர் மகள் நோனா. திரையில் அப்பா, அதே கருநீல சூட்டோடு. அப்பாவின் பழைய பதிவு ஓட, மகள் கூடவே பாடினார். அப்பா சொல்லைப் போட்டுவிட்டு நிற்பாரே, அந்த ஒரு அடி காலி இடம், அங்கேதான் மகளின் குரல் வந்து அமர்ந்தது.